விஆர்6டிசி: ஒரு தீவு, ஒரு மனிதர், ஒரு வானொலிப் பெட்டி

[திரை இருட்டாக இருக்கிறது. சிற்றலை இரைச்சல். அதன் நடுவே பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக.]

முடிந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். சந்தைக் கூச்சல் போல இருக்கிறது, இல்லையா? ஒருவர் ஜப்பானிலிருந்து கூப்பிடுகிறார், இன்னொருவர் இத்தாலியிலிருந்து, மற்றொருவர் கலிஃபோர்னியாவிலிருந்து. அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே ஆளைக் கூப்பிடுகிறார்கள். இது நாங்கள் குரல்களை அடுக்கிச் செய்து காட்டும் மாதிரிதான். உண்மையான கூச்சல் இதைவிடக் கடுமையாக இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் இதற்குள்ளிருந்து ஒரே ஒரு அழைப்பைப் பிரித்தெடுத்து, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. மணிக்கணக்கில் இப்படியே.

இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்த ஒரு மனிதரைப் பற்றியது இந்த வீடியோ. அவர் பெயர் டாம் கிறிஸ்டியன். வானில் அவருடைய பெயர், அதாவது அழைப்புக் குறி, விஆர்6டிசி. ஊர், பசிபிக் பெருங்கடலில் உள்ள பிட்கெய்ர்ன் தீவு.

[உலக வரைபடம். தென் பசிபிக்கின் நடுவே ஒரு புள்ளி.]

பிட்கெய்ர்ன் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவது கடினம், ஏனென்றால் விரல் நுனியே தீவை மறைத்துவிடும். பரப்பளவு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது 1937-இல், அப்போது 233 பேர் இருந்தார்கள். இன்று ஐம்பதுக்கும் குறைவான பேர். விமான நிலையம் கிடையாது, கப்பல் வந்து நிற்க ஒழுங்கான துறைமுகமும் கிடையாது. வருகிற கப்பல் கரைக்கு அப்பால் கடலிலேயே நிற்கும். ஊர்க்காரர்கள் நீளப் படகுகளை அலைகளுக்கு நடுவே ஓட்டிப்போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி வருவார்கள். வந்து இறங்கும் இடத்தின் பெயர் பவுண்டி விரிகுடா. அங்கிருந்து ஆடம்ஸ்டவுன் என்ற ஒரே ஊருக்கு ஏறும் செங்குத்தான பாதைக்கு ஊரார் வைத்த பெயர் ‘கஷ்டத்தின் குன்று’.

பவுண்டி என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். 1789 ஏப்ரல் 28 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் பவுண்டி கப்பலில் கலகம் வெடித்தது. ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையிலான கலகக்காரர்கள் கேப்டன் பிளையையும் அவருக்கு விசுவாசமானவர்களையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். பிடிபட்டால் தூக்குத்தான். எனவே, கடற்படையின் கண்ணில் படாத இடமாகத் தேடினார்கள். அந்தக் கலகக்காரர்களில் ஒன்பது பேரும், பாலினேசிய ஆண்கள், பெண்கள் சிலரும் 1790 ஜனவரியில் பிட்கெய்ர்னில் இறங்கினார்கள். கப்பலுக்குத் தாங்களே தீ வைத்தார்கள்.

ஏன் பிட்கெய்ர்ன்? வரைபடத்தில் அது தப்பான இடத்தில் இருந்தது. 1767-இல் அதைக் கண்ட கேப்டன் கார்ட்டரெட்டிடம் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்கும் கடிகாரம் இல்லை. அதனால் அவர் குறித்த புள்ளி உண்மையான இடத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் விலகிவிட்டது. கலகக்காரர்களிடமோ நல்ல கடிகாரம் இருந்தது. கே2 என்ற அந்தக் கடற்கடிகாரத்தைப் பவுண்டியிலேயே கைப்பற்றி வைத்திருந்தார்கள். தாங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1808-இல், டோப்பாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே போய்ச் சேர்ந்தபோது கலகக்காரர்களில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். அந்தக் கப்பலின் கேப்டனிடம் போய்ச் சேர்ந்த கே2, பல கைகள் மாறி இப்போது லண்டனின் கிரீன்விச்சில் இருக்கிறது. கடிகாரப் பிரியர்கள் அதைத் தேடிப்போய்ப் பார்ப்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

டாம் 1935-இல் பிறந்தவர். ஃபிளெட்சர் கிறிஸ்டியனின் நேரடி வம்சம்.

[தேவாலய மணியின் ஒலி: ஐந்து முறை.]

வானொலி வருவதற்கு முன்பு இந்தத் தீவு வெளியுலகத்தோடு எப்படிப் பேசியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் டாமின் வேலை எவ்வளவு பெரியது என்று புரியும். 1914-இல் பனாமா கால்வாய் திறந்தது. பனாமாவிலிருந்து நியூசிலாந்துக்குப் போகும் கப்பல்களின் வழியில் பிட்கெய்ர்ன் அமைந்துவிட்டது. அடிவானத்தில் கப்பல் தெரிந்தால் ஊர் மணியை ஐந்து முறை அடிப்பார்கள். மணி கேட்டதும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பழக்கூடைகளையும், மீரோ மரத்தில் செதுக்கிய சுறாமீன்களையும் அள்ளிக்கொண்டு படகுக்கு ஓடுவார்கள். கப்பல் நிற்கும் சில மணி நேரத்துக்குள் விற்பனை, தபால், மருந்து எல்லாம் முடிய வேண்டும். கப்பல் நிற்காமல் போய்விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. நள்ளிரவில் யாருக்காவது குடல்வால் வெடித்தால் மணி அடித்து என்ன பயன்?

ஆண்ட்ரூ யங் என்ற தீவுக்காரர் மோர்ஸ் சங்கேதத்தைக் கற்று, கைக்குக் கிடைத்த எளிய கருவியைக் கொண்டு போராடிக்கொண்டிருந்தார். யாங்கி என்ற பாய்க்கப்பல் வந்தபோது அதன் வானொலி இயக்குநர் இவருடைய நிலையைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அமெரிக்க வானொலிக் கருவித் தயாரிப்பாளர்களிடம் பேசி நன்கொடை திரட்டினார். 1938-இல் புதிய நிலையம் வானில் ஏறியது. அதன் அழைப்புக் குறி பிஐடிசி. பிறகு உலகப்போர் வந்தது. நியூசிலாந்துக்காரர்கள் ஆடம்ஸ்டவுனுக்கு மேலே, டாரோ கிரவுண்ட் என்ற மேட்டில் அரசு வானொலி நிலையம் ஒன்றை அமைத்தார்கள். டாமின் வாழ்க்கை முழுவதும் இந்த மேட்டைச் சுற்றித்தான் நடந்தது.

இளைஞராக நியூசிலாந்துக்குப் போய் வானொலிப் பயிற்சி பெற்ற டாம், ஊர் திரும்பி அந்த நிலையத்தின் அதிகாரியானார். நிலையத்தின் குறி ஸெட்பிபி. இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸெட்பிபி-யில் உட்கார்ந்தால் அவர் அரசு ஊழியர். தந்திகள், கப்பல்களோடு செய்திப் பரிமாற்றம், அவசர அழைப்புகள் எல்லாம் கடமை. தீவை 1970 வரை நிர்வகித்தது ஃபிஜியிலிருந்த பிரிட்டிஷ் ஆளுநர், அதன் பிறகு நியூசிலாந்திலுள்ள பிரிட்டிஷ் தூதர். தீவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல். அதன்மீது செய்தியைக் கொண்டுபோனது இந்த நிலையம். விஆர்6டிசி-யாக உட்கார்ந்தாலோ அவர் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர். இதில் சம்பளம் கிடையாது, வியாபாரம் பேசக் கூடாது. உரிமத்தின் விதியே அதுதான். நாள் முழுக்க எதைத் தொழிலாகச் செய்தாரோ, அதையே பொழுதுபோக்காகவும் செய்தார். சமையற்காரர் வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுவதைப் போல. ஆசை இல்லாமல் இது நடக்காது.

[வரைகலை: பூமி, அதற்கு மேலே மெல்லிய நீல வளையங்கள்.]

ஒரு தீவிலிருந்து நூறு வாட், அதாவது ஒரு பழைய குண்டு பல்பு எரியத் தேவையான மின்சாரம், கலிஃபோர்னியா வரை எப்படிப் போகிறது? பிட்கெய்ர்னிலிருந்து அங்கே 6,500 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை, வானொலி அலை போவதோ நேர்கோட்டில். அடிவானத்தைத் தாண்டியதும் அது விண்வெளிக்குள் போய் மறைந்திருக்க வேண்டும்.

மறையாமல் தடுப்பது சூரியன். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கி 400 கிலோமீட்டர் வரை இப்படி எலெக்ட்ரான்கள் அலையும் அடுக்குகள் உண்டு. இதுதான் அயனி மண்டலம். சிற்றலை இதன் மேலடுக்கில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசியிருக்கிறீர்களா? தண்ணீரில் பட்டுப் பட்டுத் தத்திப் போகுமே, அதைப் போலத்தான். ஆனால் ஓட்டாஞ்சில்லு தண்ணீரில் மட்டும் தத்தும், வானொலி அலையோ வானத்திலும் தத்தும், கடலிலும் தத்தும். ஒரு தத்தலில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வரை கடக்கலாம். உப்புநீர் மண்ணைவிட நன்றாக அலையைத் திருப்பி அனுப்பும் என்பதால், நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு ஒரு ஹாமுக்குக் கிடைத்த வரம்.

ஆனால் அயனி மண்டலம் நிலையான கூரை அல்ல. கீழடுக்கு பகலில் தோன்றித் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கும், இரவில் மறைந்துவிடும். அதனால் 7 மெகாஹெர்ட்ஸ் போன்றவை இரவில் நெடுந்தூரம் போகும், 21, 28 மெகாஹெர்ட்ஸ் பகலில் விழித்திருக்கும், 14 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவே. இதற்கு மேல் சூரியனின் சுமார் பதினொரு ஆண்டுச் சுழற்சி வேறு. கரும்புள்ளிகள் பெருகினால் உயர் அலைவரிசைகள் திறக்கும், குறைந்தால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். கரும்புள்ளிகள் எண்ணப்பட்ட காலத்திலிருந்து மிக உயர்ந்த உச்சம் 1957-58-இல் வந்தது. அப்போது டாமுக்கு இருபத்திரண்டு வயது.

மீனவருக்குக் காற்றும் நீரோட்டமும் எப்படியோ, ஹாமுக்குச் சூரியன் அப்படி. நேரம் பார்த்து, பருவம் பார்த்துத்தான் வலை வீச வேண்டும்.

[மீண்டும் அந்தக் கூச்சல், மெதுவாக.]

சரி, ஏன் இத்தனை பேர் பிட்கெய்ர்னைக் கூப்பிட்டார்கள்? ஹாம்களிடம் டிஎக்ஸ்சிசி என்ற ஒரு கணக்கு உண்டு. உலகத்தை 340 நாடுகளாகவும் நிலப்பகுதிகளாகவும் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் குறைந்தது நூற்றோடு தொடர்புகொண்டு உறுதி செய்தால் சான்றிதழ். பிறகு இருநூறு, முந்நூறு என்று ஆசை வளரும். பிட்கெய்ர்ன் இந்தப் பட்டியலில் தனியிடம். அங்கே வானொலி உள்ளவர்களோ கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். ஆகவே டாம் ‘சிக்யூ’, அதாவது ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று ஒருமுறை சொன்னால் போதும், மூன்று கண்டங்கள் பதில் சொல்லும். இந்தக் குவியலுக்கு ஹாம்களின் பெயர் பைல்-அப்.

பைல்-அப்பை ஆள்வது தனிக் கலை. எல்லாரும் அவருடைய அலைவரிசையிலேயே கூப்பிட்டால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது. எனவே இப்படிச் செய்வார்கள்: ‘நான் 14.195-இல் பேசுகிறேன், நீங்கள் 14.200-க்கும் 14.210-க்கும் நடுவே கூப்பிடுங்கள்.’ கூட்டம் பரவிவிடும், ஒவ்வொரு குரலும் சற்றே தனித்துக் கேட்கும். அப்போதும் கட்டுக்கடங்காவிட்டால், ‘அழைப்புக் குறியில் 3 என்ற எண் உள்ளவர்கள் மட்டும்’ என்பார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூடாமல் கத்துகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் கோபப்பட்டால் வேலை நின்றுவிடும்.

ஹாம் என்றால் பேச்சுக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரிய இடத்தில் இருக்கும் ஹாமுக்குப் பேச்சு என்பது ‘ஐந்து ஒன்பது, நன்றி’ என்ற மூன்று சொற்கள்தான். ஐந்து என்றால் தெளிவு முழுமை, ஒன்பது என்றால் வலிமை முழுமை. மீதி நேரமெல்லாம் காது கொடுப்பதுதான். இரைச்சலுக்கு அடியில் வால்வு வானொலி வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு பள்ளி மாணவனின் குரல் இருக்கலாம். பெரிய ஆன்டெனா வைத்திருப்பவன் எப்படியும் கேட்டுவிடுவான். அந்த மாணவனைக் கேட்பதில்தான் ஒருவருடைய குணம் தெரிகிறது. வானலையில் பட்டம் பதவி எதுவும் தெரியாது. ஜோர்டான் மன்னர் ஹுசைன் அங்கே ஜேஒய்1 மட்டும்தான், ராஜீவ் காந்தி வியு2ஆர்ஜி மட்டும்தான்.

[அஞ்சலட்டைகள் மேசையில் விழுகின்றன.]

பேசி முடித்தால் கதை முடியாது. தொடர்பை உறுதி செய்ய இருவரும் அஞ்சலட்டை பரிமாற வேண்டும். அதற்குக் கியூஎஸ்எல் அட்டை என்று பெயர். தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, ஐந்து ஒன்பது, கையெழுத்து. சென்னையில் இருப்பவர் தபால் பெட்டிக்கு நடந்துபோய்ப் போட்டுவிடுவார். பிட்கெய்ர்னில் தபால் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். உலகைச் சுற்றி வரும் ஒளியின் வேகத்தில் நடந்த ஐந்து வினாடி உரையாடலை உறுதி செய்ய மாதக்கணக்கு. கிடைத்தவருக்கு இரட்டை மகிழ்ச்சி, ஏனென்றால் உறையின்மேல் பிட்கெய்ர்ன் தபால்தலை ஒட்டியிருக்கும். தீவு 1940-இல் முதன்முதலாகத் தபால்தலை வெளியிட்டது. சேகரிப்பாளர்களிடம் விற்ற அந்தத் தலைகள் பல ஆண்டுகள் தீவின் முக்கிய வருமானமாக இருந்தன. தீவின் பெயர் வானில் அடிக்கடி ஒலித்ததும் இதற்குக் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

டாமின் மனைவி பெட்டியும் உரிமம் பெற்ற ஹாம். அவருடைய குறி விஆர்6ஒய்எல். ‘ஒய்எல்’ என்பது ஹாம்களின் பேச்சில் பெண் இயக்குநரைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் தீவில் மேலும் பலர் உரிமம் வாங்கினார்கள். எல்லாரும் நாள் முழுக்க வானில் இருந்துவிட முடியாது. ஜெனரேட்டர் நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே ஓடிய காலம் அது. உப்புக்காற்று ஆன்டெனாக் கம்பியைத் தின்றுவிடும். ஒரு உதிரி பாகம் பழுதானால் அடுத்த கப்பலில்தான் வரும். தோட்டத்தில் கிழங்கு தோண்ட வேண்டும், படகு தள்ள ஆள் தேவைப்பட்டால் போக வேண்டும். பிட்கெய்ர்னில் முழுநேர வானொலிக்காரர் என்று யாரும் வாழ முடியாது. தீவில் எல்லாரும் எல்லா வேலையும் செய்தாக வேண்டும்.

1983-இல் பிரிட்டிஷ் அரசி டாமுக்கு எம்பிஇ பட்டம் அளித்தார்.

1990-களின் இறுதியில் அவருடைய அழைப்புக் குறி மாறியது. காரணம் பசிபிக்கில் இல்லை, ஹாங்காங்கில் இருந்தது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் போனபோது ‘விஆர்’ என்ற தொடக்க எழுத்துகளும் அதனோடு போய்விட்டன. பிட்கெய்ர்னுக்கு ‘விபி6’ கிடைத்தது. விஆர்6டிசி, விபி6டிசி ஆனார். பல பத்தாண்டுகள் ஒரு பெயரால் அழைக்கப்பட்டவருக்குத் திடீரென்று பெயர் மாறினால் எப்படி இருக்கும்? ஹாமுக்கு அழைப்புக் குறி என்பது வீட்டுப் பெயருக்குச் சமம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 2004-இல் இந்தத் தீவில் ஏழு ஆண்கள் சிறுமியர்மீது பாலியல் குற்றம் செய்ததாக விசாரிக்கப்பட்டு, ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். டாம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இல்லை. ஆனால் உலகமெங்கும் ஹாம்கள் ஆசையோடு கேட்ட அந்தத் தீவிலிருந்து, அத்தனை ஆண்டுகளாக வானில் வராத குரல்களும் இருந்தன. சொர்க்கத் தீவு என்று இந்த வீடியோவுக்குத் தலைப்பு வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பெண்களை நினைத்து மறுத்துவிட்டேன்.

டாம் கிறிஸ்டியன் 2013 ஜூலை 7 அன்று காலமானார். வயது 77.

[வரைபடம்: சென்னையிலிருந்து பிட்கெய்ர்ன் வரை ஒரு வில்கோடு.]

விபி6 என்ற எழுத்துகள் இப்போதும் வானில் வருகின்றன. 2018-இல் ஒரு ஹாம் குழு, பிட்கெய்ர்னிலிருந்து சுமார் 535 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஆளில்லாத டூசி தீவுக்குப் போய் விபி6டி என்ற குறியில் இயங்கியது. அடுத்த ஆண்டு பிட்கெய்ர்னிலிருந்தே விபி6ஆர் வந்தது. நம் ஊரிலிருந்து கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னைக்கும் பிட்கெய்ர்னுக்கும் நேர வித்தியாசம் பதின்மூன்றரை மணி. இங்கே காலை ஏழு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஐந்தரை. தூரம் சுமார் 16,500 கிலோமீட்டர், குறைந்தது ஐந்து தத்தல். திசை காட்டும் ஆன்டெனா இருந்தால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஏறக்குறைய 117 பாகைக்குத் திருப்புங்கள். அலை ஆஸ்திரேலியாவைக் கடந்து வரும். ஒன்றும் கேட்காவிட்டால் ஆன்டெனாவை நேர் எதிர்ப்புறம், 297 பாகைக்குத் திருப்பிப் பாருங்கள். பூமி உருண்டை என்பதால் அதே தீவுக்கு மேற்கு வழியாகவும் ஒரு பாதை உண்டு. அது 23,500 கிலோமீட்டர். சில காலைகளில் அந்தச் சுற்றுவழியில்தான் குரல் தெளிவாக வரும்.